தாளில் மூடிய காட்டுச் சாலைகள்

அமெரிக்காவின் தேசியக் காடுகளுக்குள் ஓடும் சாலைகளின் நீளம் சுமார் 6 லட்சம் கிலோமீட்டர். பெரும்பாலானவை வெட்டிய மரத்தை இறக்கப் போட்டவை. மரலாரிகள் ஓய்ந்ததும் ஜீப்பும் மோட்டார் சைக்கிளும் ஏடிவி என்னும் நாலுசக்கர வண்டியும் அவற்றில் ஏறின. சாலை முடிந்த இடத்தோடு அவை நிற்கவில்லை. ஒருவர் புல்வெளியின் குறுக்கே போன தடமே அடுத்தவருக்கு வழியாயிற்று.

மண்ணுக்கும் விலங்குக்கும் சேதம் குறையும்படி இந்தத் தடங்களை வகுக்க வேண்டும் என்று அதிபர் நிக்சன் 1972இலேயே ஆணையிட்டார். 1977இல் கார்ட்டர் அதை இறுக்கினார். வனத்துறை நாடு முழுமைக்குமான விதியைக் கொண்டுவந்ததோ 2005இல்தான். தாமதமாக வந்தாலும் அடிப்படை சரியாக இருந்தது. அதுவரை பல காடுகளில் தடைப் பலகை இல்லாத இடமெல்லாம் திறந்த இடம். அதன்பின் வனத்துறை வெளியிடும் வரைபடத்தில் இல்லாத இடமெல்லாம் மூடிய இடம்.

அந்த வரைபடம் ஒரு கறுப்பு வெள்ளைத் தாள். இலவசமாகவே கிடைக்கும். மலையின் ஏற்ற இறக்கம் அதில் தெரியாது. கோடுகளும் எண்களும், எந்த வண்டிக்கு எந்த மாதங்களில் அனுமதி என்ற பட்டியலும்தான் இருக்கும். தரையில் பலகை இல்லாவிட்டாலும் தாள் சொல்வதே சட்டம். பலகை விழுந்துபோன, தடம் பிரியும் ஓரிடத்தில் தடுமாறி நிற்பவருக்கு இது பெரிய பாரம்.

நன்றாகத் திட்டமிட்டால் பலன் உண்டு. யூட்டாவின் ஃபிஷ்லேக் காட்டிலுள்ள பயூட் தடம் பல நூறு கிலோமீட்டர் சுற்று. மலையடிச் சிற்றூர்களை இணைக்கிறது. வண்டியோட்டிகள் ஊருக்குள் வந்தே பெட்ரோல் போடுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், தங்குகிறார்கள். போக நல்ல வழி இருக்கும்போது புதுத்தடம் கீறும் ஆசை குறைகிறது.

கோளாறு தொடங்குவது, ஏற்கெனவே கிடக்கும் தடங்களையே திட்டத்தின் அடித்தளமாக எடுக்கும்போது. அனுமதியின்றி உருவான வழிக்கும் அப்போது வரைபடத்தில் இடம் கிடைத்துவிடுகிறது. மான்டானாவின் பீவர்ஹெட்-டியர்லாட்ஜ் காட்டில் பனிவண்டிகளுக்குத் திறந்துவிட்ட பகுதிகள் பற்றிய வழக்கில், 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றைச் சுட்டியது: சேதம் குறைக்கும் அளவுகோல்களைக் கருத்தில் கொண்டோம் என்றால் போதாது, அவற்றை எப்படிச் செயல்படுத்தினோம் என்று காட்ட வேண்டும். ஓரிகனின் ஸ்டார்க்கி ஆய்வுக்காட்டில் நடை, குதிரை, மிதிவண்டி, ஏடிவி நான்கையும் ஒப்பிட்டபோது எல்க் மான்கள் அதிகம் ஒதுங்கியது ஏடிவியிடமிருந்துதான். ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியாக எடைபோட்டால் எல்லாம் சிறிதாகவே தெரியும். தடங்கள் வலையாகப் பின்னும்போது மானுக்கு ஒதுங்க இடம் இராது.

இதைவிடப் பெரிய குறை, தாளில் மட்டும் மூடுவது. கைவிட்ட சாலையின் அடியில் நீர்க்குழாய்கள் அப்படியே கிடக்கின்றன. இலையும் கட்டையும் அடைத்துக்கொள்ள, மழைநீர் சாலைமேல் ஏறி மண்ணை அரித்து, மீன் முட்டையிடும் ஓடையில் கொட்டுகிறது. குழாயைப் பிடுங்கி, இறுகிய தரையைக் கிளறிவிட இயந்திரமும் ஆளும் பணமும் வேண்டும். திட்டத்தில் இதற்கான ஒதுக்கீடுதான் முதலில் இடம்பெற்றிருக்க வேண்டும்.

சாலையில்லாத சுமார் 5.85 கோடி ஏக்கர் காட்டைப் புதிய சாலைகளிலிருந்து காக்கும் 2001ஆம் ஆண்டு விதியை நீக்கப்போவதாக 2025 ஜூனில் அமெரிக்க வேளாண் அமைச்சகம் அறிவித்தது. இருக்கும் சாலைகளின் குழாய்களையே பார்த்துக்கொள்ள இயலாத துறையிடம் புதிய சாலைகளை ஒப்படைக்கக் கூடாது.