குதிகாலைப் பார்த்துக் கும்மி

அவிநாசிப் பக்கத்து ஊர்களில் பொழுது சாய்ந்தபின் கோயில் திடலில் வள்ளி கும்மிப் பயிற்சி. ஆசிரியர் பாட, வட்டம் நகரும். வள்ளி தினைப்புனம் காப்பதும், முருகன் வேடனாகவும் கிழவனாகவும் வந்து வம்பிழுப்பதும்தான் கதை.

புதிதாக வந்தவருக்குக் கைதான் முந்தும். குனிந்து தட்டி நிமிர்ந்து திரும்பும்போது, உடம்பின் பாரம் எந்தக் காலில் என்று தெரியாமல் பக்கத்தில் இருப்பவரை இடித்துவிடுவார். சிரிப்பு எழும். முன்னால் ஆடுகிற அக்காவின் குதிகாலைப் பார்த்துப் பார்த்தே அடி பிடிபடும். அப்புறம்தான் வாய் திறக்கும். மூச்சிரைக்காமல் பாடவும் வேண்டுமே!

ஆண்களே ஆடிவந்த இக்கலையைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர் கோவை மாவட்டத்துப் பத்திரப்பன். 2024இல், 87 வயதில் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இன்று பேத்தியும் பாட்டியும் ஒரே நிறச் சேலையில் ஒரே வட்டத்தில். அடி தவறினால் பாட்டிக்கும் அதட்டல் உண்டு.