எம்.ஓ.எம். யார் அனுப்புவது?

மென்பொருள் அலுவலகத்தில் கூட்டம் முடிகிற நேரத்தில் ஒரு கேள்வி வரும்: "எம்.ஓ.எம். யார் அனுப்புறீங்க?" என்ன பேசினோம், எதை முடிவு செய்தோம், யார் எதை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று தொகுத்து எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பும் வேலை அது. மினிட்ஸ் ஆஃப் மீட்டிங் என்பதன் சுருக்கம். அந்த மூன்று ஆங்கில எழுத்துகளையும் சேர்த்துப் படித்தால் 'மாம்', அதாவது அம்மா.

சென்னையில் நான் முதலில் சேர்ந்த குழுவில் ஒன்பது பேர் இருந்தோம். அதில் பெண்கள் இரண்டு பேர். நான்கு ஆண்டுகள் அந்த மடலை நாங்கள் இருவர் மட்டுமே மாறி மாறி அனுப்பினோம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கேள்வி வந்ததும் அறையில் ஓர் அமைதி நிலவும். ஆண்கள் லேப்டாப்பைப் பார்ப்பார்கள். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் எங்களில் ஒருத்தி "நான் அனுப்புறேன்" என்று சொல்லிவிடுவோம்.

மடல் மட்டும் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கணினியில் எல்லாவற்றையும் நிறுவிக் கொடுப்பது, எந்தக் கோப்பு எதற்கு என்று விளக்குவது, டெஸ்டிங் குழுவுக்கும் எங்களுக்கும் சண்டை வந்தால் போய்ப் பேசுவது, யாரும் எழுதாத ஆவணத்தை எழுதி வைப்பது எல்லாம் எங்களிடம் வந்து சேர்ந்தன. ஐந்தாம் ஆண்டு அப்ரைசலில் மேலாளர் என்னிடம் சொன்னார்: "டீம்ல எல்லாருக்கும் உன்னைப் பிடிக்கும். ஆனா டெக்னிக்கலா இன்னும் ஆழம் வேணும்." என்னோடு ஒரே நாளில் சேர்ந்த நண்பன் அந்த ஆண்டு சீனியர் ஆனான். பணம் செலுத்தும் பகுதியை முழுக்கத் திருப்பி எழுதியிருந்தான். நல்ல வேலை, தகுதியான பதவி உயர்வு. ஆனால் மூன்று மாதம் அவன் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார முடிந்தது எப்படி? அவனிடம் போயிருக்க வேண்டிய கேள்விகள் எல்லாம் என் மேசைக்கு வந்துகொண்டிருந்தன.

இது என் குறை என்றே சில காலம் நம்பினேன். மென்பொருள் பொறியாளர் தான்யா ரைலி 2019-இல் ஆற்றிய 'பீயிங் க்ளூ' என்ற உரையைக் கேட்ட பிறகுதான் இதற்கு ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. பசை வேலை. குழுவை ஒட்டி வைத்திருக்கும் வேலை. சீனியர்கள் இதைச் செய்தால் தலைமைப் பண்பு என்கிறார்கள். ஜூனியர் செய்தால் அவள் பொறியாளரே இல்லையோ என்று சந்தேகப்படுகிறார்கள். ரைலி காட்டிய இந்த முரணை எந்த நிறுவனத்தின் பதவிப் படிநிலை ஆவணத்திலும் பார்க்கலாம். ஜூனியர் என்பவர் கொடுத்த வேலையை முடிப்பவர். சீனியர் என்பவர் தெளிவில்லாத சிக்கலை எடுத்துத் தெளிவாக்குபவர், மற்றவர்களின் வேலை நன்றாக நடக்க உதவுபவர், குழுவின் எல்லையைத் தாண்டிப் பேசுபவர். இந்த வரையறையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இதைத்தானே ஐந்து வருஷமாகச் செய்துகொண்டிருந்தேன்! ஆண் செய்தால் அது திறமை. பெண் செய்தால் அது சுபாவம். சுபாவத்துக்கு யாரும் பதவி உயர்வு தருவதில்லை.

பெண்களுக்கு இயல்பாகவே உதவும் குணம் அதிகம் என்று சொல்பவர்களுக்குக் காட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. லிண்டா பாப்காக், மரியா ரெகால்டே, லீஸ் வெஸ்டர்லண்ட், லாரி வீங்கார்ட் என்ற நான்கு பெண் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்டது. மூன்று மூன்று பேராக உட்கார வைத்தார்கள். இரண்டு நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியவருக்குக் கொஞ்சம் பணம், மற்ற இருவருக்கும் அதைவிடக் கூடுதல். யாருமே அழுத்தாவிட்டால் எல்லோருக்கும் நஷ்டம். ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் ஆண்களைவிடப் பெண்கள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகமாக அழுத்தினார்கள். ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களிலோ அவர்களே தாராளமாக முன்வந்தார்கள். ஆக, ஆண்களுக்கும் பொத்தானை அழுத்தத் தெரியும். அறையில் ஒரு பெண் இருந்தால் அவள் அழுத்துவாள் என்று காத்திருக்கவும் தெரியும்.

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையிலுள்ள முக்கூடல். அம்மா பீடி சுற்றித்தான் எங்களைப் படிக்க வைத்தாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்த ஆயிரத்துக்கு முன்னால் இலையை நனைக்க வேண்டும், தகட்டை வைத்து அளவாக வெட்ட வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் தம்பியும் முனை மடக்கிக் கொடுத்திருக்கிறோம். தெருவில் வேலை கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகளுக்கெல்லாம் அம்மாதான் கற்றுக்கொடுத்தாள். எனக்குப் பதவி உயர்வு கிடைக்காத கதையைச் சொன்னபோது அம்மா கையை நிறுத்தாமலே சொன்னாள்: "சுத்துன பீடிக்குத்தாம்ட்டி கூலி. இலை வெட்டுனதுக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுத்ததுக்கும் யாரு தருவா?" முப்பது வருஷ அனுபவம் இருந்தும் அம்மாவின் தொழிலில் சீனியர் என்று ஒரு படி கிடையாது. பீடியை எண்ணி, சரியில்லை என்று கழித்துப் போட்டவர் எப்போதும் ஓர் ஆண். என் தொழிலில் படிகள் இருக்கின்றன. ஆனால் எதை எண்ணுவது என்று முடிவு செய்பவர் யார் என்ற கேள்வி இரண்டு தொழிலுக்கும் பொதுவாக இருக்கிறது.

ரைலியிடம் எனக்கு ஒரு விமர்சனமும் உண்டு. பசை வேலையைப் பகிர்ந்து கொடுங்கள் என்று அவர் மேலாளர்களிடம் சொல்கிறார். மாட்டிக்கொண்ட பெண்ணுக்கு அவர் தரும் யோசனை வேறு: கொஞ்ச காலம் அதை நிறுத்திவிட்டு, படிநிலை ஆவணம் கேட்பதை மட்டும் செய். நான் அப்படித்தான் செய்தேன். பலித்தது. இரண்டு ஆண்டில் சீனியர் ஆனேன். ஆனால் நான் விட்ட வேலை மாயமாக மறைந்துவிடவில்லை. தூத்துக்குடியிலிருந்து புதிதாக ஒரு பெண் எங்கள் குழுவில் சேர்ந்திருந்தாள். ஒரு நாள் கூட்டம் முடிந்ததும் என் வாயிலிருந்தே வந்தது: "நீ எம்.ஓ.எம். அனுப்பிடுறியாம்மா?" அவள் "சரிக்கா" என்றாள். ஏழு ஆண்கள் இருந்த அறையில் என் கண் அவளிடம் மட்டும் போனது. நான் ஏறிய படியில் அவளை நிற்க வைத்துவிட்டு ஏறியிருக்கிறேன் என்று அன்று புரிந்தது. தனி ஒருத்தி தப்பிக்கும் வழியை விடுதலை என்று சொல்ல எனக்கு இப்போது மனம் வருவதில்லை.

அடுத்த வாரம் மேலாளரிடம் பேசி ஒரு பட்டியல் போட்டோம். பெயர் வரிசைப்படி, வாரம் ஒருவர், மேலாளரும் சேர்த்து. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் ஆவணம் எழுதுவதையும் மற்ற வேலைகளைப் போலவே டிக்கெட் போட்டு, எத்தனை மணி நேரம் என்று பதிந்தோம். "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று ஒருவர் கேட்டார். மூன்றாவது வாரம் அவர் முறை வந்தது. மடல் ஒரு நாள் தாமதமாக வந்தது. அதன்பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தூத்துக்குடிப் பெண் அந்த ஆண்டு ஒரு பகுதியைத் தானே வடிவமைத்து எழுதினாள்.

இன்று சென்னைக்குப் போகாமலே இந்தத் தொழிலுக்கு வர வழி இருக்கிறது. கங்கைகொண்டானில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. 2019 வரை நம் மாவட்டத்தில் இருந்த தென்காசியின் மத்தளம்பாறையில் ஸோஹோ அலுவலகம் இருக்கிறது. விடுதி, பயணம், "அவ்வளவு தூரம் பொம்பளப் பிள்ளைய எப்படி அனுப்ப?" என்ற பேச்சு ஆகிய தடைகளைப் பக்கத்து அலுவலகம் குறைக்கும். கூட்ட அறையின் அந்த அமைதியை அது குறைக்காது.

எனவே கல்லூரி முடித்து வரும் தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். பைத்தானும் ஜாவாவும் படியுங்கள். நள்ளிரவில் சர்வர் விழுந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொள்ளுங்கள். கூடவே ஒரு நோட்டு வையுங்கள். யாருக்கு எதைச் சொல்லிக்கொடுத்தீர்கள், எந்தச் சிக்கலைப் பேசித் தீர்த்தீர்கள், எத்தனை மணி நேரம் ஆனது என்று தேதி போட்டு எழுதுங்கள். அப்ரைசலுக்கு அதை எடுத்துப் போங்கள். உங்கள் பக்கத்து இருக்கைக்காரியையும் எழுதச் சொல்லுங்கள். அம்மாவின் பீடிக் கணக்கில் இலை வெட்டிய நேரத்துக்கு இடமே இல்லை. நம் கணக்கில் அந்தப் பத்தியை நாமேதான் கோடு போட்டுச் சேர்க்க வேண்டும்.