எந்திர யானையும் பனியன் பொறியும்

எந்திரம் என்னும் சொல் தமிழ்க் காப்பியங்களுக்குப் புதியதன்று. மதுரை மதிலின்மேல் நின்ற பொறிகளைச் சிலப்பதிகாரம் நிரல்பட உரைக்கின்றது. ஆயினும், பொறியின் அமைப்பினைக் கூறும் அளவில் நில்லாது, பொறிக்கும் மனிதர்க்கும் இடையே நிகழ்வதனைக் காட்டுவன பெருங்கதையின் எந்திர யானையும் சிந்தாமணியின் மயிற்பொறியும் ஆகும். இவ்விரண்டினையும் உரைகல்லாகக் கொண்டு, ரோபோக்களோடு மனிதர் பழகும் திறத்தினை ஆராய இக்கால வடிவமைப்பாளர் கையாளும் முறைகள் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலுக்கு எத்துணைப் பொருந்தும் என மதிப்பிடுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ரோபோ என்னும் சொல் ஒரு நாடகத்திற் பிறந்தது. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் வெளியிட்ட நாடகம் அதனை உலகிற்கு அளித்தது. அதன் வேர்ச்சொல் கட்டாய உழைப்பினைக் குறிப்பது. உழைப்பாளர் இடத்தினைப் பொறி கைக்கொள்ளும் என்னும் அச்சமும் அச்சொல்லோடு உடன்பிறந்ததே. திருப்பூரில் துணியை விரிக்கவும் வெட்டவும் தானியங்கிப் பொறிகள் வந்துள்ளன. தையலோ இன்றும் பெரும்பாலும் மனிதர் கைவழியே நடைபெறுகின்றது. பின்னல் துணி நெகிழும், இழுபடும், வெட்டிய விளிம்பு சுருளும். தைப்போர் அதனை விரலால் நீவி, அதன் இழுவை அறிந்து, ஊசிக்குக் கொடுக்கின்றனர். 2016இல் அமெரிக்காவில் சோபோ என்னும் முயற்சி, நீரிற் கரையும் பொருளால் துணியை விறைக்கச் செய்து, ரோபோவைக் கொண்டு டி-சட்டை ஒன்றனைத் தைத்துக் காட்டிற்று. விரலின் அறிவினைப் பொறிக்கு ஊட்டாது, துணியின் இயல்பினையே மாற்றினர் என்பது நோக்கத்தக்கது.

இனி, ஆய்வுமுறைகளுள் முதற்கண் கொள்ளத்தக்கது ஓஸ் மந்திரவாதி முறை என்பது. பிராங்க் பாம் 1900இல் வெளியிட்ட சிறுவர் கதையில், திரைக்குப்பின் ஒளிந்த எளிய மனிதன் ஒருவன் பெருமந்திரவாதியாகத் தோன்றுகின்றான். அதுபோன்றே, இன்னும் முற்றுப்பெறாத ஒரு ரோபோவை மறைவிலிருந்து ஒருவர் இயக்க, அது தானே இயங்குவதாக எண்ணி எதிரிலிருப்போர் நடந்துகொள்வதனை ஆய்வாளர் குறித்துக்கொள்வர். பொறியைச் செய்து முடிக்குமுன்னரே மனிதர் மனநிலையை அறிய உதவுதல் இம்முறையின் நன்மை. அதனை யாம் மறுக்கவில்லை.

ஆயின், பெருங்கதை மரபு இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. இந்நூலின் ஆசிரியர் கொங்குவேளிர், திருப்பூருக்கு அண்மையிலுள்ள விசயமங்கலத்தொடு தொடர்புடையவர் என்பர். நூலின் முற்பகுதி கிடைத்திலது. எனினும் உதயணன் சிறைப்பட்ட வரலாறு யாவரும் அறிந்ததே. யாழால் வேழத்தை வயப்படுத்தும் உதயணனைப் பிடிக்கப் பிரச்சோதனன் எந்திர யானை ஒன்றனை விடுத்தான். அதனுள் வீரர் மறைந்திருந்தனர். உதயணன் தன் கலைத்திறத்தை நம்பி அணுகினான். அத்திறமே அவனைச் சிறைக்கு இட்டுச் சென்றது. தையற்கூடத்தில் தொழிலாளி ஒருவர் தம் கைத்திறம் முழுவதையும் பொறியின்முன் காட்ட, மறைவிலிருப்போர் அதனைப் பதிவுசெய்து, அவர் வேலையைக் கொள்ளும் பொறிக்கே அதனைப் பயிற்றுவராயின், அவ்வாய்வு எந்திர யானையின் வேறன்று. மறைத்தல் ஆய்வுக்கு இன்றியமையாதது என்னும் வாதம், இழப்பு யாருடையது என்னும் வினாவிற்கு விடையாகாது.

இரண்டாவது முறை, மனிதர் பொறியோடு தடுமாறும் இடங்களை உள்ளவாறே கண்டு எழுதுதல். லூசி சச்மன் ஒளிநகற் பொறியைப் பயன்படுத்துவோரை ஆராய்ந்து 1987இல் வெளியிட்ட நூல் இதற்குச் சான்று. திட்டம் வேறு, சூழலிடைச் செயல் வேறு என்பது அவர் கண்ட முடிபு. மயிற்பொறியும் இதனையே உணர்த்துகின்றது. வலப்புறம் திருகின் எழும், இடப்புறம் திருகின் இறங்கும் என்னும் விதியை விசயை நன்கு பயின்றிருந்தாள். ஆனால் பகைவனது வெற்றிமுரசு கேட்டு அவள் மயங்கிய அளவில், பொறி சுடுகாட்டில் இறங்கிற்று. சோலையிற் பயின்ற பயிற்சியில் முரசொலி இல்லை. ஆய்வுக்கூடச் சோதனையில் ஏற்றுமதித் தவணையின் நெருக்கடியும், நீண்ட வேலைநேரத்தின் அயர்வும், ஒடிசாவிலும் பீகாரிலும் இருந்து வந்தோர்க்குப் படிக்க இயலாத அறிவிப்புப் பலகையும் இல்லாதவாறு போலும் இது.

மூன்றாவது முறை, தொழிலாளரோடு கூடியிருந்து வடிவமைத்தல். 1981இல் தொடங்கிய உடோப்பியா என்னும் திட்டத்தில் வடநாட்டு ஐரோப்பிய அச்சுத் தொழிலாளர் சங்கங்களும் ஆய்வாளரும் ஒருங்கு அமர்ந்து, அட்டையாலும் மரப்பலகையாலும் போலிக் கணிப்பொறிகளைச் செய்து, வரவிருக்கும் வேலையை நடித்துப் பார்த்தனர். இங்கும் பொறி பொய்யே; ஆயினும் அது பொய் என்பதனை அனைவரும் அறிவர். எந்திர யானைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமில்லாத திருப்பூரில் இம்முறைக்குப் பெருஞ்செலவும் வேண்டா.

எனினும், இம்முறையையும் அப்படியே பெயர்த்து நடுதல் கூடாது. ‘மனிதர்–ரோபோ உறவு’ என்னும் தொடர் ஒரு மனிதரையும் ஒரு பொறியையும் மட்டுமே நினைப்பிக்கின்றது. திருப்பூரில் ஒரு பனியன் பலர் கைப்படுவது. கட்டிங், கைமடி, செக்கிங், அயர்னிங், பேக்கிங் எனக் கூலி ஒப்பந்தங்களில் வேலைகள் தனித்தனியே பெயர் பெற்றுள்ளன. ஒரு பொறி ஓரிடத்தில் விரைந்தால் அடுத்த இடத்தில் துண்டங்கள் குவியும். அது நின்றால் அடுத்தவர் கை ஓயும். பீஸ் ரேட்டிற்கு உழைப்போர்க்குக் கை ஓய்தல் கூலி குறைதலாகும். ‘இந்த ரோபோ நுமக்கு உவப்பாக உள்ளதா?’ என்று வினவும் வினாத்தாள் இதனைக் காணாது. ‘இது நின்றபொழுது நும் கூலி என்னாயிற்று?’ என்னும் வினாவே காணும்.

ஆகவே, இப்பகுதியில் ஆய்வு செய்யப் புகுவோர் மூன்றனை முன்னரே உறுதி செய்தல் வேண்டும்: மறைவில் இருப்பவர் யார் என்பதனைத் தொழிலாளர் அறிதல், ஆய்விற்குச் செலவாகும் நேரத்திற்குக் கூலி பெறுதல், தம் கைத்திறப் பதிவு எதற்குப் பயன்படும் என்பதில் அவர் சொல் ஏறுதல். இவை அறத்தின்பாற் பட்டன மட்டும் அல்ல. ஆய்வின் மெய்ம்மைக்கும் இன்றியமையாதன. தம் திறம் தமக்கே பகையாகும் என அஞ்சுவோர் அதனை முழுதும் காட்டார். காட்டாத திறத்தினை அளந்து எழுதும் ஆய்வு உண்மை ஆய்வாகாது என்பதே எம் துணிபு.