உழைப்பின் பங்கை அளக்கும் அளவுகோல்

ஒரு நாட்டின் வருமானத்தில் உழைப்புக்குச் சேர்வது எவ்வளவு, முதலுக்குச் சேர்வது எவ்வளவு? கூலியையும் சம்பளத்தையும் கூட்டினால் விடை கிடைத்துவிடும் என்று தோன்றலாம். அது போதாது என்று காட்டியது, பொருளியல் அறிஞர் டக்ளஸ் கோலின் 2002இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. ஏழை நாடுகளில் சுயதொழில் செய்வோர் மிகுதி. அவர்கள் தமக்குத் தாமே கூலி கொடுத்துக்கொள்வதில்லை. எனவே அவர்களது உழைப்பின் பலன் முதலின் ஆதாயமாக எழுதப்பட்டுவிடுகிறது. இதைத் திருத்தினால், பெரும்பாலான நாடுகளில் உழைப்பின் பங்கு 65 முதல் 80 விழுக்காட்டுக்குள் அமையும் என்பது அவர் முடிவு.

இந்த அளவுகோலை விருத்தாசலத்துக்குக் கொண்டு வருவோம். நெய்வேலிப் பகுதியின் களிமண்ணை நம்பி வளர்ந்த பீங்கான் ஊர் இது. இங்குள்ள சிறு பட்டறைகளில் உரிமையாளரும் குடும்பத்தாரும் அச்சில் வார்த்து, பிசிறு நீக்கி, சூளையில் அடுக்குவதுண்டு.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. களிமண், எரிபொருள் செலவு போக ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் மிஞ்சுகிறது என்று கொள்வோம். கூலியாட்கள் இருவருக்குத் தலா 1 லட்சம். உழைப்பின் பங்கு 33 விழுக்காடு. மீதி 4 லட்சத்தையும் உரிமையாளரின் உழைப்பு என்று கொள்வது கோலின் கூறும் ஒரு வழி. அப்போது பங்கு 100 ஆகிறது. சூளைக்கும் அச்சுக்கும் எதுவுமே இல்லை! மற்றொரு வழி, சுயதொழிலாளருக்கும் கூலியாளின் சராசரி ஊதியத்தை எழுதுவது. உரிமையாளரை மட்டும் எண்ணினால் 50. உடன் உழைக்கும் மனைவியையும் எண்ணினால் 67.

பட்டறை ஒன்றே; விடைகள் நான்கு. கோலினின் திருத்தம் அவசியமானது, திசையும் சரியானது. ஆனால் அதன் துல்லியம், ஆட்களை எண்ணுபவரின் துல்லியத்துக்கு மேல் போக முடியாது. மனைவியின் பெயர் விடுபட்டால், அவர் உழைப்பின் 1 லட்சம் முதலின் ஆதாயமாக மாறிவிடுகிறது.

நம் நாட்டின் தொழில் கணக்கெடுப்பிலும் இதே குறை உண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்விசை இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் என்று எல்லை வகுத்தது. அதையொட்டி நடந்துவந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் இத்தகைய பட்டறைகள் இடம்பெறவில்லை. ஆகவே, ‘உழைப்பின் பங்கு இவ்வளவு’ என்று எவரேனும் எழுதினால், யார் யாருடைய உழைப்பை எண்ணினார்கள் என்று மாணவர்கள் முதலில் கேட்க வேண்டும்.