உதவிக்காரரின் குடை

இலங்கை மலையகத்தின் வட்டவளையில் குடைக்கு ஓய்வே கிடையாது. ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரைத் தாண்டும் ஊர். அந்த மழையில் தோட்டத் தொழிலாளர் வசிக்கும் லயம் லயமாய் ஏறி இறங்கும் சபை உதவிக்காரரைக் கண்டால் எனக்குத் தனி மரியாதை.

'டீக்கன்' என்பார்கள். பழைய தமிழ் வேதாகமத்தின் 'உதவிக்காரர்' என்ற சொல்தான் எனக்குப் பிடிக்கும். பதவி வாடையே இல்லை. எருசலேமில் விதவைகளின் அன்றாடப் பந்தியைக் கவனிக்க ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். ஆக, வேலை தொடங்கியதே சோற்றில்தான். ஐரோப்பாவின் மெனோனைட்டு கிறிஸ்தவ சபையாரும் ஏழைகளுக்கான பணத்தை டீக்கனிடமே ஒப்படைத்தார்கள். மலையகத்தில் 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தார்கள். அப்போது இங்கே தேயிலை இல்லை, கோப்பிதான். உபதேசியார் போதிப்பார், பாய் விரிப்பது, விளக்கேற்றுவது, நோயாளி வீட்டுக்கு நடப்பது எல்லாம் பெயரில்லாத கைகளின் வேலை.

இன்று ஆராதனை முடிந்ததும் உதவிக்காரரின் கைகளைக் கவனியுங்கள். காணிக்கைப் பையைக் கவிழ்த்து, ஈர நோட்டுகளை ஒவ்வொன்றாய் மேசையில் நீவி, சில்லறையைப் பத்துப் பத்தாய் அடுக்குவார். விரல் நுனியில் கொழுந்துக் கறை. இரண்டு முறை எண்ணாமல் கொப்பியில் எழுதமாட்டார். அந்த நிதானத்துக்கு எந்த வங்கிக் காசாளரும் ஈடில்லை என்பேன்.

எழுதி முடித்துக் குடையை எடுக்கிறார். படுக்கையில் கிடக்கும் ஒரு பாட்டியைப் பார்க்க மேல் லயத்துக்கு. சம்பளம் கிடையாது, திங்கள் காலை தோட்ட வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கும் போகவேண்டும்.