சூசைராஜின் பாடு

சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு போயிருந்தேன். டச்சுக்காரர்களின் கல்லறையைப் பார்ப்பது, இறால் வறுவல் சாப்பிடுவது, இருட்டுவதற்குள் பொன்னேரி வழியாகச் சென்னை திரும்புவது. இவ்வளவுதான் திட்டம்.

ஏரிக்கரையில் ஒரு குப்பத்துக்குப் பின்னால் பையன்கள் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். மணலில் நாலு கழி நட்டு வைத்தால் கோல் போஸ்ட். அப்புறம் எங்கே கிளம்புவது? செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அதில் ஒரு பையனின் சிவப்பு ஜெர்ஸி முதுகில் சலா என்று இருந்தது.

“சலா எந்த ஊரு தம்பி?”

“எகிப்து சார்!” பட்டென்று பதில்.

“மைக்கேல் சூசைராஜ் தெரியுமா?”

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “எந்த டீம் சார்?”

எகிப்துக்காரரைத் தெரிகிறது. இதே தமிழ்நாட்டில் இன்னொரு கடற்கரையில் மீனவக் குடும்பத்தில் பிறந்து, இந்தியாவுக்கு ஆடிய ஒருவரைத் தெரியவில்லை. பையன்கள் மேல் தப்பில்லை. உங்களையும் கேட்கிறேன், உங்களுக்குத் தெரியுமா?

* * *

கன்னியாகுமரி மாவட்டத்தில் இரவிபுத்தன்துறை. கேரள எல்லையை ஒட்டிய தூத்தூர் பக்கத்துக் கடலோர ஊர். அந்தக் கரையில் ஃபுட்பால் என்பது ஏறக்குறைய இன்னொரு மதம். சூசைராஜ் 1994-ல் பிறந்தது அங்கேதான். அண்ணன் மைக்கேல் ரெஜினும் ஆட்டக்காரர்.

சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீக்கில் ஆடினார். 2017 நவம்பர் கடைசியில் புது சீசன் தொடங்கிய அதே வாரம்தான் ஒக்கி புயல் வந்தது. தூத்தூர் பக்கத்து ஊர்களிலிருந்து கடலுக்குப் போன பலர் திரும்பவே இல்லை. அப்படிப்பட்ட ஒரு வருஷத்தில் ஆடிய ஆட்டம்தான் அவரைப் பெரிய லீகுக்குக் கொண்டு சேர்த்தது. 2018-ல் ஐ.எஸ்.எல்-லில் ஜாம்ஷெட்பூர் அணி.

அங்கே அவர் ஆடியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இடப்பக்கம் பந்து கிடைத்தால் திரும்பிப் பின்னால் தட்டமாட்டார். எதிராளியை நோக்கியே ஓடுவார். குறையும் உண்டு. ஓர் ஆளைத் தாண்டியதும் கொடுத்துவிட வேண்டிய பந்தை, இரண்டாவது ஆளையும் தாண்டப் பார்த்துச் சில சமயம் தொலைப்பார். ஆனாலும் பந்து அவர் காலுக்கு வரும்போது ஸ்டேடியம் நிமிர்ந்து உட்காரும். எத்தனை இந்திய மிட்ஃபீல்டர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியும்?

2019 ஜூனில் தாய்லாந்தில் கிங்ஸ் கோப்பை. இந்தியச் சட்டை கிடைத்துவிட்டது. அடுத்து கொல்கத்தாவின் ஏடிகே. கோச் அன்டோனியோ ஹபாஸ் அவரை இடப்பக்க விங் பேக் ஆக்கினார். தாக்கவும் வேண்டும், ஓடி வந்து தடுக்கவும் வேண்டும். ஒரே சம்பளத்தில் இரண்டு வேலை!

என் விமர்சனம் இங்கேதான். அந்த ஏற்பாடு அணிக்கு லாபம். 2020 மார்ச்சில் கோவாவில் சென்னையின் எஃப்.சி-யை 3-1 என்று ஜெயித்து ஏடிகே சாம்பியன் ஆனது. கொரோனா பயத்தில் ரசிகர்களே இல்லாத காலி ஸ்டேடியத்தில்! ஆனால் ஜாம்ஷெட்பூரில் பார்த்த துடுக்கான சூசைராஜ் அங்கே பாதிதான் தெரிந்தார். மீதிப் பாதி தற்காப்புக்குப் போய்விட்டது. அவர் முணுமுணுக்காமல் ஆடினார். அதை எந்த ஸ்கோர் போர்டும் எழுதவில்லை.

* * *

நான் பி.காம். படித்தவன். பேரேட்டில் ஏறாத சொத்துகள் உண்டு என்று அப்போதே சொல்லிக்கொடுத்தார்கள். கடையின் நல்ல பேரை அலமாரியில் வைத்துப் பூட்ட முடியாது. ஆனால் கடை ஓடுவதே அதனால்தான். மிட்ஃபீல்டரும் அந்த ரகம். கோல் அடித்தவன் பெயர் வரவில் ஏறுகிறது. பந்தைப் பிடுங்கி, நாலு அடி நகர்த்தி, சரியான ஆளிடம் சேர்த்தவன் பெயர் எந்தப் பக்கமும் ஏறுவதில்லை.

எகிப்திலும் இதே கதைதான். சலாவோடு மொகாவ்லூன் கிளப்பிலும் பிறகு சுவிட்சர்லாந்தின் பாசல் அணியிலும் சேர்ந்து ஆடியவர் முகமது எல்நேனி. மிட்ஃபீல்டர். 2016 ஜனவரியில் ஆர்சனல் போய் 2024 வரை இருந்தார். அங்கே அவர் அடித்த கோல்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சலா ஜெர்ஸிப் பையனிடம் கேட்டேன். எல்நேனியையும் தெரியவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. 2023 ஜனவரியில் எல்நேனிக்கு முழங்காலில் பலத்த அடி. வயது முப்பது. பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர். ‘போய் வா ராசா’ என்று அனுப்பியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்த மாதமே ஆர்சனல் அவர் ஒப்பந்தத்தை ஒரு வருஷம் நீட்டித்தது.

இப்போது 2020 நவம்பர் 20. ஐ.எஸ்.எல். சீசனின் முதல் ஆட்டம். ஏடிகே மோகன் பகான், கேரளா பிளாஸ்டர்ஸ். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சூசைராஜ் காலைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அந்த சீசனே போயிற்று. 25 வயது. 2022-ல் ஒடிஷா அணிக்குப் போனார். அந்தப் பழைய துடுக்கு முழுசாகத் திரும்பவில்லை.

அடிபடுவதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. கேள்வி வேறு. ஐ.எஸ்.எல்-லில் முதல் ஆட்டம் ஆடும்போதே அவருக்கு 24 வயது ஆகப்போகிறது. அந்த லீக்கில் 2019-20 சீசனின் லீக் சுற்றில் ஓர் அணிக்கு 18 ஆட்டம்தான். அதே சீசனில் இங்கிலாந்து பிரீமியர் லீகில் 38. தாமதமாக வருகிறவனுக்கு, குறைவாக ஆட்டம் கிடைத்து, நடுவில் முழங்காலும் போனால் என்ன மிச்சம்? அவரை வளர்த்த சென்னை சிட்டி, அவர் போன அடுத்த சீசனிலேயே ஐ-லீக் சாம்பியன் ஆனது. 2020-21 சீசனோடு அந்த லீகிலிருந்தே காணாமல் போனது. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். சீசனையே நிறுத்தி வைப்பதாக அறிவித்தார்கள். ஆட்டக்காரன் காலை ஊன்றுவது இருக்கட்டும், ஊன்றத் தரை வேண்டாமா?

* * *

பக்கத்தில் வலை சரிசெய்துகொண்டிருந்த பெரியவரிடம் இதையெல்லாம் புலம்பினேன். ஃபுட்பால் அவருக்குத் தெரியாது. பாடு தெரியும்.

பழவேற்காடு ஏரியில் கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் பாடு என்றொரு முறை இருக்கிறது. நல்ல மீன் கிடைக்கிற இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். வலுத்தவன் தினமும் நல்ல இடத்தில் வலை கட்ட முடியாது. எல்லாருக்கும் நியாயம் என்று சொல்லமாட்டேன். பாடு இல்லாத ஊர்க்காரர்களுக்கு மனத்தாங்கல் உண்டு. ஆனால் முறைக்குள் இருப்பவனுக்கு ஒரு நிச்சயம் இருக்கிறது.

“முட்டி போச்சுன்னா அவ்வளவுதானா சார்?” என்றார் பெரியவர். “எங்க ஊர்ல ஒருத்தன் இன்னிக்கு உடம்பு முடியாம படுத்துட்டாலும், அடுத்த சுத்துல அவன் பாடு அவனுக்கு வரும்.”

பதில் சொல்லத் தெரியவில்லை. மணலில் யாரோ கோல் அடித்தார்கள். எல்லாரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பந்தைக் கொண்டுவந்து கொடுத்த பையன் கழிக்குப் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தான். கிளம்புவதற்கு முன்னால் போய் அவன் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டேன்.