குறத்தியிடம் கைநீட்டிய சீயோன் குமாரத்தி

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையேயுள்ள மேலகரம், திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியில், உலா வந்த குற்றாலநாதரைக் கண்டு காதலுற்ற வசந்தவல்லிக்கு மலைக்குறத்தி குறி சொல்லுகிறாள். பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்ட வேதநாயகம் சாஸ்திரியார், 1800இல் பாடிய பெத்லகேம் குறவஞ்சியில் இவ்வடிவத்தையே மேற்கொண்டார். அதில் தலைவர் கிறிஸ்து, தலைவி திருச்சபையாகிய தேவமோகினி, குறத்தியோ விசுவாசம்.

நற்செய்தி தமிழ்க்கோலம் பூண்டதென்று இந்நூலைப் பாராட்டுவதோடு பலர் அமைந்துவிடுகின்றனர். நாம் கவனிக்க விரும்புவது வேறொன்று. குறவஞ்சியில் தலைவி உயர்குலத்தாள். குறத்தி ஊர் ஊராய்த் திரிபவள். ஆயினும் தலைவி அறியாததை அறிந்தவள் குறத்தியே. அதனைக் கேட்டறிய, தலைவி தன் கையை அவளிடம் நீட்டியே ஆகவேண்டும். விசுவாசத்தைக் குறத்தியாக்கியதன் மூலம், தாழ்ந்தவரென்று தள்ளப்பட்டவரிடம் கைநீட்டாத திருச்சபை தன் ஆண்டவரை அறிவதில் வளராது என்னும் உண்மைக்குக் கவிஞர் வழி திறந்துவிட்டார்.

கவிதை திறந்த வழியில் கவிஞர் முழுவதும் நடந்தாரா? 1820களில் தஞ்சைச் சபையில் புதிய மிஷனெரிமாருடன் எழுந்த பூசலில், தமிழ்ப் பாடல்களுக்காகவும் மலர் சூடும் வழக்கத்துக்காகவும் அவர் வாதாடியது நியாயமே. ஆனால் சபைக்குள் சாதி வேற்றுமை நீடிப்பதற்காகவும் அவர் வாதாடினார். குறத்தியின் உருவை ஏற்றவர், அவளைப் போன்றோரோடு நற்கருணையில் சமமாய்க் கலக்கத் தயங்கினார். உருவகத்துக்குரிய ஆபத்தும் இதுவே: விசுவாசம் என்னும் பெயரைச் சூட்டியதும், கூடை சுமந்து நிற்கும் பெண் நம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறாள்.

இதனைச் சொல்லுவது முன்னோரை இழிவுபடுத்த அன்று. அவருடைய பாடல்களைப் பாடும் நாமும் அதே இடத்தில் தேங்கி நிற்கிறோம். எபேசியர் 4ஆம் அதிகாரம் கூறும் முதிர்ச்சி, தனி மனிதரின் பக்தி உயர்வு மட்டுமன்று. சரீரம் முழுவதும் இசைந்து வளரும் வளர்ச்சி. ஜெபமும் வேதவாசிப்பும் பெருகியும், கல்லறைத் தோட்டத்திலும் திருமணப் பேச்சிலும் சபைத் தேர்தலிலும் சாதி பெருகுமானால், வளர்ந்தது எது? குருமாராகிய நாம் அடுத்தமுறை விசுவாச வளர்ச்சியைக் குறித்துப் பிரசங்கிக்குமுன், நம் கை இதுவரை யாரிடம் நீளவில்லை என்று ஆராய்வோமாக.